தண்ணீர் பாட்டிலில் வந்த ஆசிட்

அரிக்கும் வேதிப்பொருளைத் தவறுதலாக விழுங்குவது குழந்தைகளுக்கு மட்டுமே நேர்வதன்று. கண்புரையால் பார்வை மங்கியவர், மணம் அறியும் திறன் குறைந்தவர், மறதிநோய் உடையவர், இரவில் விளக்கைப் போடாமல் தாகத்திற்குக் கைநீட்டுபவர் என முதியவர்களும் இவ்வாறு எங்களிடம் வருகின்றனர். தெருவில் விற்கும் கழிவறை ஆசிட் பல வீடுகளுக்குப் பழைய குடிநீர் பாட்டிலில்தான் வருகிறது. அப்படி வந்ததை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பெயர்ச்சீட்டு ஒட்டுவது போதாது. இருட்டில் அதை யார் படிப்பார்?

கழிவறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது இரைப்பையை மிகுதியாகப் புண்ணாக்கும். சாக்கடை அடைப்பை நீக்கும் தூளில் உள்ள காஸ்டிக் சோடா, உணவுக்குழாயின் சுவரைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும்.

விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெந்த பாதையை அது மீண்டும் சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் புகலாம். உப்புநீர், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, முட்டை வெண்கரு எதுவும் தரக் கூடாது. அமிலத்தைக் காரத்தால் முறிப்பது பள்ளி ஆய்வகத்துக்குப் பொருந்தும். உடலுக்குள் அவ்வினை வெப்பத்தை உண்டாக்கும். பல்செட்டைக் கழற்றி, வாயை நீரால் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். நனைந்த உடையை மாற்றி, நிமிர்த்தி உட்கார வைத்து, 108-ஐ அழையுங்கள். அந்தப் பாட்டிலையும், அவர் உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் உடன் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவராயின் முதலில் அதைச் சொல்லுங்கள்.

வாயில் புண் இல்லாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தொல்லை என்று எண்ணி வலியை மறைப்பவர்களும் உண்டு. காயத்தின் அளவை அறியப் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோப்பி செய்கிறோம். நாள்கள் கடந்து வந்தால் சுவர் மெலிந்திருக்கும். அப்போது அதே பரிசோதனை ஓட்டை விழச் செய்யலாம். அறியாமல் குடித்தாரா, மனவேதனையால் குடித்தாரா என்று அவரைத் தனியே கேட்போம். குடும்பத்தினர் அதைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டா; விடையைப் பொறுத்து அவருக்குத் தேவையான உதவி மாறும்.

வீடு திரும்பியபின் சில வாரங்களில் தழும்பு சுருங்கி உணவுக்குழாய் குறுகக்கூடும். இட்லியைக்கூட ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து இறக்குகிறார், சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறிவிட்டார் என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அழைத்துவாருங்கள். பலூன் கொண்டு பாதையை விரிக்கலாம். பலருக்கு இது ஒருமுறையோடு முடிவதில்லை. குறித்த நாளில் மீண்டும் வர வேண்டியிருக்கும்.