பந்தய மாடல் விமானத்தில் இறக்கையை எங்கே வைப்பது? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் மாடல் விமானக் கிளப் ஒன்றில் சேர்ந்து, பயிற்சி விமானத்தைச் சேதமில்லாமல் தரையிறக்கப் பழகிவிட்டோம். அடுத்து நாமே ஒரு பந்தய விமானத்தை வரைந்து கட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. நல்ல ஆசை. ஒரு கிலோ எடையுள்ள மின்விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் சேர்ந்தே போவோம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இறக்கையை முதலில் வரைவோம், உடற்பகுதியில் அதற்கான இடத்தைக் கடைசியில்தான் வெட்டுவோம்.

எதற்காக வடிவமைக்கிறோம்?

நாம் கட்டப்போவது பைலான் பந்தயத்துக்கான விமானம். அதில் மூன்று கம்பங்களைச் சுற்றிப் பறக்க வேண்டும். எஃப்3டி என்ற சர்வதேசப் பிரிவில் முக்கோணத்தின் இரு பக்கங்கள் 180 மீட்டர், மூன்றாவது 40 மீட்டர். ஒரு சுற்று 400 மீட்டர், 10 சுற்றுக்கு 4 கிலோமீட்டர். தேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

நம் முதல் விமானத்துக்கு 150 போதும். அந்த வேகத்தில் 30 மீட்டர் ஆரத்தில் திரும்பினாலே ஒரு கிலோ விமானம் சுமார் ஆறு கிலோ சுமையாக இறக்கையை அழுத்தும். 300-இல் அதே திருப்பம் நான்கு மடங்காகி 24 கிலோவை நெருங்கும். நேர்ப்பாதையில் இறக்கைக்கு அதிக வேலை இல்லை, திருப்பத்தில்தான் அது உழைக்கிறது. எனவே இறக்கையும் உடலும் சேரும் இடம்தான் நம் விமானத்தின் உயிர்நிலை.

மேலா, நடுவிலா, கீழா?

காற்றியக்கக் கணக்கில் நடு இறக்கைதான் சிறந்தது. உடலின் பக்கச்சுவரை இறக்கை செங்குத்தாகச் சந்திப்பதால், அந்த மூலையில் காற்று குழம்புவது குறைவு. ஆனால் இறக்கையைத் தாங்கும் கட்டை உடலின் நடுவே குறுக்காகப் போகும். பேட்டரி வைக்க வேண்டிய இடமும் அதுவேதான்.

கீழ் இறக்கை பார்க்க அழகு. மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்தின் மீ 209 விமானம் 1939 ஏப்ரல் 26 அன்று மணிக்கு 755 கிலோமீட்டர் எட்டி உலகச் சாதனை படைத்தது. அது கீழ் இறக்கை விமானம். அதைப் பார்த்து நாமும் வரையத் தோன்றும். ஆனால் பெரிய விமானத்தில் சக்கரங்களை இறக்கைக்குள் மடக்கும் வசதிக்கும் அந்த அமைப்பு உதவுகிறது. நம் விமானத்துக்குச் சக்கரமே கிடையாது, புல்லில் வயிற்றால் இறங்கும். மேலும் கீழ் இறக்கையின் மேற்பரப்பும் வளைந்த உடலும் சேரும் மூலையில், பின்விளிம்பை நோக்கிப் போகும் காற்று எளிதில் பிரிந்துவிடும். அந்த மூலையை வளைவாக நிரப்பி இழைக்க வேண்டும். முதல் முறை கட்டுகிறவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

உடலின் மேல் உட்காரும் தோள் இறக்கையைத்தான் நான் பரிந்துரைப்பேன். மேற்பரப்பில் காற்று தடையில்லாமல் ஓடும். இறக்கை ஒரே துண்டாக இருப்பதால் வலு அதிகம். முன்னால் ஒரு குச்சி, பின்னால் இரண்டு நைலான் போல்ட், அவ்வளவுதான். மோதினால் போல்ட் உடையும், இறக்கை பிழைக்கும். வேகத்தில் சிறிது இழப்போம், ஆனால் அடுத்த வாரமும் பறப்போம். ஒரே குறை, இழுவிசை மோட்டாரின் கோட்டுக்கு மேலே விழுவதால் முடுக்கும்போது மூக்கு தூக்கப் பார்க்கும். மோட்டாரை 1 முதல் 2 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் சரியாகிவிடும்.

முன்பின் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இறக்கையின் நீளம் 120 செ.மீ., அகலம் ஒரே சீராக 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 2400 சதுர செ.மீ. இறக்கையின் கால்பகுதிப் புள்ளியிலிருந்து (முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு) வால் சிறகின் கால்பகுதிப் புள்ளி வரை 60 செ.மீ. இருக்கட்டும். வாலின் பரப்பு 360 சதுர செ.மீ. வந்தால் போதும்.

ஈர்ப்பு மையம் முதல் பறப்பில் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யில் இருக்க வேண்டும், அதாவது அகலத்தில் 25 விழுக்காடு. இந்த அளவுகளுக்கு, விமானம் நிலைத்தன்மையை இழக்கும் எல்லை ஏறக்குறைய 8.5 செ.மீ.யில் வரும். நடுவில் போதிய இடைவெளி இருக்கிறது.

இப்போது வேலையின் வரிசை. முதலில் உடல், வால், மோட்டார், பேட்டரி, சர்வோ, ரிசீவர் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டுவோம். வண்ணம் பூசுவதானாலும் ஃபிலிம் ஒட்டுவதானாலும் அதன் எடையையும் கணக்கில் சேர்ப்போம், வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமும் அதிகம் பேசும். பிறகு இறக்கையை உடலின் மேல் வைத்து, 5 செ.மீ. கோட்டில் இரண்டு விரலால் தாங்கிப் பார்ப்போம். வால் கீழே போனால் இறக்கையைப் பின்னுக்கு நகர்த்துவோம், மூக்கு கீழே போனால் முன்னுக்கு. சமநிலை கிடைத்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதன் பிறகே ரம்பத்தை எடுப்போம்.

இதைச் செய்யாமல் வெட்டிவிட்டால் என்ன ஆகும்? மையம் 2 செ.மீ. பின்னால் விழுந்தால், 200 கிராம் பேட்டரியை 10 செ.மீ. முன்னே தள்ள வேண்டும். இடமில்லை என்றால் 25 செ.மீ. தொலைவிலுள்ள மூக்கில் 80 கிராம் ஈயம் கட்ட வேண்டும். மாறாக, வெட்டுவதற்கு முன் 250 கிராம் இறக்கையை 2.7 செ.மீ. பின்னே நகர்த்தியிருந்தால் ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது.

என்ன கோணம், என்ன வடிவம்?

வாலைப் பூஜ்ஜியத்தில் ஒட்டி, இறக்கையை அரை டிகிரி மட்டும் மேல்நோக்கி வைப்போம். அதிகம் வைத்தால் வேகம் கூடக்கூட விமானம் மேலேறிக்கொண்டே இருக்கும்.

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவங்களுக்கு ஜெர்மனியில் பஞ்சமில்லை. பிரவுன்ஷ்வைக் நகரின் காற்றியக்க வல்லுநர் மார்ட்டின் ஹெப்பர்லே மாடல் விமானங்களுக்கென்றே வடிவங்களை வகுத்தவர், அவரது எம்எச் 18 பைலான் பந்தயத்துக்கானது. அவர் எழுதிய ஜாவாஃபாயில் மென்பொருளில் நம் வடிவத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

பால்சா, ஃபோம், கண்ணாடி இழைத் துணி, எப்பாக்ஸி எல்லாம் சேர்த்துச் சுமார் 60 யூரோ. மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்படுத்தியான ஈஎஸ்சியும் 100. நான்கு சர்வோ 70, பேட்டரி 30. டிரான்ஸ்மிட்டர் பயிற்சிக் காலத்திலிருந்தே கையில் இருக்கும். ஆக 260 யூரோவுக்குள் முடித்துவிடலாம். போட்டிக்கான ஆயத்த கார்பன் விமானங்கள் இதைப் போலப் பல மடங்கு. அவற்றுக்கு அவசரம் வேண்டாம்.

எதில் கவனம்?

காப்பீடு இல்லாமல் ஜெர்மனியில் மாடல் விமானம் பறக்கவிடக்கூடாது, இது சட்டம். டிஎம்எஃப்வி போன்ற மாடல் விமானச் சங்கத்தில் சேர்ந்தால் காப்பீடும் கூடவே வரும். விமானத்தை இயக்குபவராகப் பதிவு செய்து, அதில் கிடைக்கும் எண்ணை விமானத்தில் ஒட்ட வேண்டும். எடை 2 கிலோவைத் தாண்டினால் தனியாக அறிவுச் சான்றிதழும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு வேகமான விமானத்தைப் பூங்காவில் பறக்கவிடாதீர்கள். கிளப் மைதானம் மட்டுமே.

முதல் பறப்பு

காற்றில்லாத மாலையில், கிளப்பின் மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வோம். நல்ல உயரத்துக்கு ஏறி, மோட்டாரைக் குறைத்து, 45 டிகிரியில் கீழ்நோக்கி விட்டு, டிரான்ஸ்மிட்டரின் குச்சியிலிருந்து விரலை எடுப்போம். மூக்கு வெடுக்கென்று மேலே வந்தால் மையம் அதிகம் முன்னே இருக்கிறது. மேலும் செங்குத்தாகக் கவிழ்ந்தால் அதிகம் பின்னே, உடனே மீட்டு இறக்கிவிடுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் சரி. பேட்டரியை ஒவ்வொரு முறையும் சிறிதளவே நகர்த்தி, மையம் 3 மி.மீ.க்கு மேல் மாறாதபடி, 6 செ.மீ. வரை பின்னே கொண்டுபோகலாம். அங்கே திருப்பங்கள் கூர்மையாகும், எலிவேட்டருக்கு வேலை குறையும். அந்த அளவைத் தாண்டாமல் பேட்டரியின் இடத்தை உடலுக்குள் மார்க்கரால் குறித்துவிடுங்கள், அடுத்த விமானத்துக்கான கணக்கு அந்தக் கோட்டிலிருந்து தொடங்கும்.