விருது வராத வருஷம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ எழுதும் நகைச்சுவைத் தொடருக்கு விருது கிடைக்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள். இனிமேல் எழுதப்போவதில்லை என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். முதல் செய்தி எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டாவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் லேரி டேவிட்டை உனக்குத் தெரியும். அவர் பட்ட பாடு தெரியுமா? 1984இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதச் சேர்ந்தார். ஒரு சீசன் முழுக்க எழுதியதில் ஒளிபரப்பானது ஒரே ஒரு காட்சி. ஆத்திரத்தில் வேலையை உதறிவிட்டுப் போனவர், அவசரப்பட்டுவிட்டோம் என்று உறைத்ததும், திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த அவமானத்தை அவர் வீணாக்கவில்லை. பிறகு அவர் இணைந்து உருவாக்கிய ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஜார்ஜ் என்ற பாத்திரம் அப்படியே செய்வான். அவனுக்கு அது பலிக்காது.

அந்தத் தொடரும் சுலபமாக வந்துவிடவில்லை. 1989இல் முன்னோட்ட எபிசோடைப் பார்த்த சோதனைப் பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. சேனல் அதன்பின் கேட்டது நான்கே எபிசோடுகள். 1992இல் வந்தது ‘தி கான்டெஸ்ட்’ என்ற எபிசோடு. வெளியே பேசக் கூசுகிற ஓர் அந்தரங்க விஷயத்தில் யார் அதிக நாள் கட்டுப்பாடாக இருப்பது என்று நான்கு நண்பர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். அது இன்னதென்று கடைசிவரை ஒருவரும் பெயர் சொல்வதில்லை. பார்ப்பவருக்கு எல்லாம் புரிகிறது. சேனலின் கட்டுப்பாட்டையே சிரிப்புக்கு முதலாக்கிய எழுத்து அது. லேரி நிஜமாகவே கலந்துகொண்ட பந்தயத்திலிருந்து பிறந்தது. 1993இல் அதற்குத்தான் எழுத்துக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது அவருக்குக் கிடைத்தது.

அடுத்ததை நிதானமாகப் படி. 2000 முதல் 2024 வரை, 12 சீசன்கள், அவருடைய ‘கர்ப் யுவர் என்தூசியாஸம்’ தொடர். இதில் வசனமே எழுதப்படவில்லை. சில பக்கக் காட்சிச் சுருக்கம்தான். பேச்சை நடிகர்களே அந்த இடத்தில் உண்டாக்கினார்கள். ஆனால் தொடக்கத்தில் அற்பமாக வந்துபோகும் ஒரு தகராறு, கடைசிக் காட்சியில் வேறொன்றோடு வந்து முட்டும். அந்தக் கட்டமைப்புதான் எழுத்து. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச்சிறந்த வேலை இதுதான். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மிக்கு அது திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கப்பட்டது. ஒருமுறைகூட வெல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

இப்போது உன் தொடருக்கு வருகிறேன். பாட்டி ரேஷன் கடையில் சண்டை போடும் காட்சி அசல். உன் வீட்டுக் கோபம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த எபிசோடின் முடிவில் எல்லோரும் அழுது, கட்டிப்பிடித்து, திருந்திவிடுகிறார்கள். யாருக்காக அப்படி முடித்தாய்? ‘சைன்ஃபெல்ட்’டில் யாரும் கட்டிப்பிடித்து நெகிழக் கூடாது, யாரும் திருந்தவும் கூடாது என்பது விதி. உன் பாட்டி மட்டும் எதற்காகத் திருந்த வேண்டும்?

அந்த முடிவை வெட்டிவிட்டு மறுபடி எழுது. பொங்கலுக்கு வரும்போது பிரதியைக் கையோடு கொண்டு வா, உட்கார்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
பெரியம்மா