கையெழுத்துப் போடும் முன், கயலுக்கு

அன்புள்ள கயல்,

பெரியம்மா எழுதுகிறேன். இந்த செமஸ்டருக்கு நீ ஃபீஸ் கட்டவில்லை என்று உன் அம்மா சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். போனில் பேசினால் ஆளுக்கு ஒரு பக்கம் குரல் உயரும், அதனால்தான் கடிதம். உன் தொடரை ஒரு செயலி நிறுவனம் கேட்டிருக்கிறது, தினம் ஒரு அத்தியாயம் தர வேண்டும், அதற்காக இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தப் போகிறாய் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தையும் உன் அம்மா எனக்கு அனுப்பிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. முடிவு உன்னுடையதுதான். உனக்கு 19 வயதாகிறது, கையைப் பிடித்து இழுத்து வைக்கும் வயதில்லை. ஆனால் நீ விழுந்து விழுந்து படித்த அந்த நாவல்களே இந்த விஷயத்தில் என்ன சொல்கின்றன என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. தாத்தாவின் நோட்டுப் புத்தகங்களைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

அந்த நாவல்களைச் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்குகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவற்றில், பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு மற்றவர்களிடம் இல்லாத சக்தி ஒன்று வாய்க்கிறது. நான் யார் என்று கேட்க ஆரம்பிக்கிறது. வீட்டுக்கா, நண்பனுக்கா, ஏதோ ஒரு படைக்கா, யாருக்கு விசுவாசமாக இருப்பது என்ற இழுபறி வருகிறது. நடுவில் காதல், பெரும்பாலும் இரண்டு பையன்கள். உன் வயதில் எல்லாருக்கும் வருகிற கேள்விகளைத்தான் கொஞ்சம் மின்னலும் நெருப்பும் சேர்த்துச் சொல்கிறார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. குறை, படிப்பவர்கள் பார்வை நிற்கும் இடத்தில் இருக்கிறது. காட்னிஸுக்குப் பீட்டாவா கேலா என்று மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளையின் சக்தியை வேலை வாங்குவது யார், பலன் யார் கணக்கில் போய்ச் சேருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நல்ல நாவல்களில் அந்தக் கேள்விதான் கதையை நடத்துகிறது. விக்டோரியா அவேயார்ட் எழுதி 2015-ல் வந்த ‘ரெட் குவீன்’ உனக்குப் பிடித்த புத்தகம். சிவப்பு ரத்தக்காரியான மேர் கையிலிருந்து மின்னல் கிளம்பியதும் வெள்ளி ரத்த அரச குடும்பம் முதலில் செய்கிற காரியம் என்ன? அவளுக்கு வேறு பெயர் சூட்டி, தொலைந்துபோன பிரபு வீட்டுப் பெண் என்று ஊருக்குச் சொல்லி, இளவரசனுக்கு நிச்சயம் செய்கிறார்கள். மின்னல் அவளுடையதாகவே இருக்கிறது. பெயர் மட்டும் அவர்கள் கொடுத்தது. எதிர்த்தரப்பான கலகக்காரர்களும் அவளை விட்டுவைக்கவில்லை, அவர்களுக்கும் ஒரு அடையாளச் சின்னம் தேவைப்பட்டது. உன் ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவை எடுத்துப் பார். தொடர் ‘நிறுவனம் தீர்மானிக்கும் புனைபெயரில்’ வெளிவரும் என்று இருக்கிறது.

நீ சொல்லப்போவது எனக்கு இங்கேயே கேட்கிறது. யாருமே என் எழுத்தை மதிக்காதபோது அவர்கள்தானே நம்பினார்கள், இப்போது போய் நிபந்தனை பேசினால் நன்றி கெட்டதனம் ஆகாதா என்பாய். சூசன் காலின்ஸின் ‘மாக்கிங்ஜே’யை மறுபடி எடுத்துப் படி. அதன் நாயகி காட்னிஸுக்கு மந்திர சக்தி கிடையாது. வில் உண்டு, பார்க்கிற ஜனங்களை எழுப்பிவிடுகிற முகம் உண்டு. அவளைக் காப்பாற்றிச் சோறு போட்டு வைத்திருப்பது கலகம் செய்யும் பதின்மூன்றாம் மாவட்டம். அதன் தலைவி காயினுக்கு வேண்டியது கலகத்தின் முகமாக அவள் கேமரா முன் நிற்பது. நன்றிக்கடன் என்று பார்த்தால் காட்னிஸ் தலையாட்டியிருக்க வேண்டும். அவள் என்ன செய்தாள்? இப்போது நீ எதைக் கேட்டாலும் அவர்கள் கொடுத்தாக வேண்டும் என்று ராத்திரியில் தங்கை பிரிம் எடுத்துச் சொல்ல, உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுகிறாள். தங்கை தன் பூனையை வைத்துக்கொள்ள வேண்டும். தான் கேலோடு வேட்டைக்குப் போக வேண்டும். எதிரியிடம் பிடிபட்ட பீட்டாவுக்கும் மற்ற வெற்றியாளர்களுக்கும் மன்னிப்பு வேண்டும். எதிரி அதிபர் ஸ்னோவைத் தானே கொல்ல வேண்டும். மன்னிப்பு விஷயத்தை அறைக்குள் ஒத்துக்கொண்டால் போதாது, மாவட்டத்து ஜனம் முழுக்கக் கூடியிருக்கும்போது காயின் அறிவிக்க வேண்டும் என்றும் பிடிவாதமாக நிற்கிறாள். முத்தக் காட்சிகளை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடரிலேயே புத்திசாலித்தனமான காரியம் இந்தப் பட்டியல்தான் என்பேன். பூனையிலிருந்து ஆரம்பிக்கிறாள் பார், அற்பமான விஷயம் என்று அவள் எதையும் விடவில்லை. அதற்குப் பிறகு அவள் உழைப்பில் குறை வைத்தாளா? இல்லையே. நிபந்தனை பேசியவள் விசுவாசம் இல்லாதவள் என்று காலின்ஸ் எங்கேயும் எழுதவில்லை. கேட்காமல் கொடுத்திருந்தால் பீட்டா என்ன ஆகியிருப்பான் என்று நீயே யோசி.

அது கதை, இது நிஜம் என்றும் சொல்வாய். சரி, நிஜத்துக்கே வருகிறேன். ‘ஐ ஆம் நம்பர் ஃபோர்’ நாவலின் அட்டையில் ஆசிரியர் பெயர் பிட்டகஸ் லோர் என்று இருக்கும். லோரியன் என்ற கிரகம் அழிந்தபோது தப்பிவந்த ஒன்பது பிள்ளைகளின் கதை அது. சக்திகள் ஒவ்வொன்றாக வெளிப்படும் வயதில், ஊர் ஊராகப் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்கிறார்கள். வரிசைப்படிதான் அவர்களைக் கொல்ல முடியும் என்பதால், மூன்றாமவன் சாகும்போது நான்காமவனின் கணுக்காலில் மூன்றாவது வடு எரிகிறது. நன்றாக வந்த கற்பனை. பிட்டகஸ் லோர் என்று எழுத்தாளர் எவரும் கிடையாது, கதைக்குள் வருகிற ஒரு மூத்தவரின் பெயர் அது. எழுதியவர்கள் ஜேம்ஸ் ஃப்ரேயும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் படிப்பு படித்த ஜோபி ஹியூஸ் என்ற இளைஞரும். இப்படிப்பட்ட புத்தகங்களை உருவாக்க ஃப்ரே நடத்திய நிறுவனத்தின் ஒப்பந்த விவரங்களை 2010-ல் நியூயார்க் பத்திரிகை வெளியிட்டது. ஒரு நாவலுக்குக் கையில் தருவது 250 டாலர். சிலருக்கு முடித்துக் கொடுத்தபின் இன்னொரு 250. வருமானத்தில் பங்கு, யோசனை ஃப்ரேயுடையது என்றால் 30 சதவீதம், எழுதுபவருடையது என்றால் 40. பதிப்புரிமை நிறுவனத்துக்கு. எழுதியவர் பெயரைப் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். அந்தப் புத்தகம் நன்றாக விற்றது, 2011-ல் படமாகவும் வந்தது, தொடர் ஏழு புத்தகங்களுக்கு நீண்டது. ஏழு அட்டையிலும் அதே இல்லாத மனிதரின் பெயர்தான்.

எல். ஜே. ஸ்மித்துக்கு நடந்தது இன்னும் மோசம். 1991-ல் வெளிவரத் தொடங்கிய ‘தி வேம்பயர் டைரீஸ்’ நாவல்களை எழுதியவர் அவர். எலீனாவும் ஸ்டெஃபனும் டேமனும் அவர் தலையில் பிறந்தவர்கள் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது கூலிக்கு எழுதித் தருகிற ஒப்பந்தத்தில், பாத்திரங்கள் நிறுவனத்தின் சொத்து. 2009-ல் டிவி தொடர் ஆரம்பித்துப் பேரும் புகழும் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 2011-ல், அவரை விலக்கிவிட்டு வேறொருவரை வைத்து எழுதச் செய்தார்கள். உருவாக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர் அட்டையில் இருந்தது, உள்ளே இருந்த வரிகள் அவருடையவை அல்ல. கடைசியில் தன் கதையைத் தொடர ஆசைப்பட்டு, 2014-ல் ரசிகர்கள் எழுதும் கதைகளுக்காக அமேசான் வைத்திருந்த ஏற்பாட்டில், ஒரு ரசிகையைப் போலத்தான் அவர் எழுத வேண்டியிருந்தது. தான் பெற்ற பிள்ளைகளைப் பற்றி எழுத இன்னொருவர் வாசலில் அனுமதி வாங்கிக்கொண்டு நிற்பது! அதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. சொல்ல மாட்டேன் என்றேன், சொல்லிவிட்டேன். தாத்தா அந்த நோட்டுகளில் எழுதியவை அவர் பெயர் இல்லாமல் இன்றைக்கும் ரேடியோவில் வருவதை நீயும்தான் கேட்கிறாய்.

இதில் உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஆம் ஆண்டுச் சட்டம், எழுதுபவர் பக்கம் கொஞ்சமாவது நிற்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதினால், மாற்றாக எதுவும் பேசிக்கொள்ளாதபோது, உரிமை முதலாளிக்குப் போகும். வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவளுக்கு முதல் உரிமை அவளுடையதே. அதை எழுத்து மூலமாக, உன் கையெழுத்தோடு மட்டுமே மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த எல்லைக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆவது பிரிவு வைத்துக்கொள்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும் இதை எழுதியவள் நான் என்று சொல்லும் உரிமை 57-ஆவது பிரிவில் உனக்கு மிஞ்சுகிறது. சட்டம் இப்படி இருப்பதால்தான் உன் ஒப்பந்தத்தில் ‘உலகம் முழுவதும்’, ‘காலவரையின்றி’, ‘இனி கண்டுபிடிக்கப்படும் வடிவங்கள் உட்பட’ என்றெல்லாம் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள். அவை வழக்கமான வார்த்தைகள், எல்லாருக்கும் இதே ஒப்பந்தம்தான் என்று அந்த நிறுவனத்துப் பெண் உன்னிடம் சொன்னதாக அம்மா சொன்னாள். எல்லாருக்கும் இதே ஒப்பந்தம் என்பது எல்லாரும் இழக்கிறார்கள் என்பதற்குத்தான் சாட்சி.

எழுத்துதான் நான், அது இல்லாமல் கல்லூரியில் உட்கார்ந்திருப்பது என்னையே ஏமாற்றிக்கொள்வது என்று நீ அம்மாவிடம் சொன்னது, உன் வாதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. கிறிஸ்டின் கஷோரின் ‘கிரேஸ்லிங்’ 2008-ல் வந்தது, நீ படித்திருக்கிறாயா என்று தெரியவில்லை. காட்ஸாவுக்கு வாய்த்த வரம் கொல்வது என்று ஊரும் நம்புகிறது, அவளும் நம்புகிறாள். மாமன் ராண்டா அரசன். தனக்குப் பிடிக்காதவர்களின் கையை முறிக்க அவளை அனுப்புகிறான். அந்த நாட்டிலேயே அவளை அடக்க ஆளில்லை, இருந்தும் அவனுக்குக் கட்டுப்படுகிறாள். தன் மகளை விட்டுத்தர மறுத்த ஒரு பிரபுவைத் தண்டிக்கச் சொல்லும்போதுதான் முடியாது என்று திரும்பிவந்து, சபையில் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். அதற்குப் பிறகு, ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு பனிமலையைக் கடக்கிற வழியில்தான், தன் வரம் கொல்வது அல்ல, பிழைத்திருப்பது என்று அவளுக்குப் புரிகிறது. ராண்டாவின் கூலியாக இருந்த வரைக்கும் அவனுக்கு உபயோகமான பாதிதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. உன்னிடம் அந்த நிறுவனம் கேட்பது என்ன? காதல் காட்சி அதிகம் வேண்டும், ஒவ்வொரு அத்தியாயமும் திடுக்கென்று முடிய வேண்டும், வாரத்துக்கு ஏழு. அது உன்னால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வருஷம் அதை மட்டுமே செய்தால் உனக்கு வருவதே அதுதான் என்று நீயே நம்பிவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

படிப்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. கல்லூரிக்குப் போகாமலே ஜெயித்தவர்கள் உண்டு. 15 வயதில் ‘ஈரகான்’ எழுத ஆரம்பித்த கிறிஸ்டஃபர் பவோலினியை நீ உதாரணம் காட்டலாம், ஒத்துக்கொள்கிறேன். அவருடைய புத்தகத்தை முதலில் அச்சிட்டதும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றதும் அவர் குடும்பம். பெரிய பதிப்பகம் பிறகுதான் வந்தது. எஸ். இ. ஹின்டன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ‘தி அவுட்சைடர்ஸ்’ எழுதினார். 1967-ல் அது வந்தபோது அவருக்கு 18 வயது. அதன் பிறகும் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கினார். வெரோனிகா ராத் ‘டைவர்ஜென்ட்’டை எழுதியது கல்லூரிக் கடைசி வருஷத்துக் குளிர்கால விடுமுறையில். பட்டம் வாங்குவதற்கு முன்பே அது விலைபோயிற்று. ஒரே நாளில் ரத்தத்தைச் சொட்டவிட்டுக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குத் திரும்பி வராமல் போய்விடுகிற பெண்ணைப் படைத்தவர், தன் சொந்த வாழ்க்கையில் அப்படி எதையும் அறுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. உன் கதையும் காத்திருக்கும் கயல். அவசரம் அவர்களுக்குத்தான்.

ஆகவே இரண்டு வழி இருக்கிறது. இப்படியே கையெழுத்துப் போடலாம். அல்லது காட்னிஸ் மாதிரி ஒரு பட்டியல் எழுதி அனுப்பலாம்: என் பெயரில்தான் வர வேண்டும், 3 வருஷத்துக்கு மட்டும், செயலிக்கு மட்டும், படமோ புத்தகமோ ஆனால் தனியாகப் பேச வேண்டும், வாரத்துக்கு 2 அத்தியாயம்தான், பரீட்சை மாதத்தில் அதுவும் கிடையாது. ஒத்துக்கொண்டால் ஜோராக எழுது. மறுத்துவிட்டால், அவர்களுக்கு வேண்டியிருந்தது நீ இல்லை என்று இப்போதே தெரிந்துவிடும். நீ எந்த வழி போனாலும் உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி 20 என்று அம்மா சொன்னாள், பணத்தை அவள் கணக்கில் போட்டிருக்கிறேன். கட்டுவதும் கட்டாததும் உன் விருப்பம்.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. நீ அனுப்பிய ஐந்து அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்தேன். உன் நாயகி தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டதும் தெருவில் உள்ள எல்லாக் குழாயும் ஒன்றாகத் திறந்துகொள்கிற இடம் பிரமாதம்! பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அவர் ஆறாவது அத்தியாயம் எங்கே என்று தினமும் கேட்கிறார். லேப்டாப் சூடாகிறது என்றாயே, பொங்கலுக்கு வரும்போது புதுசு வாங்கித் தருகிறேன், எந்த மாடல் என்று மட்டும் சொல்லு. அதிரசம் சுட்டு வைக்கிறேன். நீ எழுத்தாளர்தான், இந்த வீட்டில் அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்குச் சுத்தமாக இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு இன்றைக்கே ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
பெரியம்மா