காற்றை வெட்டும் சைக்கிளும் கால் கிலோ கணக்கும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்துச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர், "சார், என் பையன் சைக்கிளில் இருநூறு கிராம் குறைப்பதற்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்கிறான். நீங்கள் எஞ்சினியர் ஆயிற்றே, இது நியாயமா?" என்று கேட்டார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பதில் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன். புனேயில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஞாயிறு விடிவதற்கு முன்பே இந்த வகைச் சைக்கிளில் கிளம்பிவிடுவதால், பல பெற்றோருக்கு இது உதவலாம்.

நான் டிப்ளமாக்காரன். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் பெட்டிகளோடும் வேகன்களோடும் காலம் கழித்தவன். சைக்கிள் என்றால் கறுப்பு வண்டி, டைனமோ விளக்கு என்ற அளவில்தான் என் அறிவு இருந்தது. எங்களோடு தங்கி வேலைக்குப் போகும் என் அக்காவின் பேத்தி ஒரு 'ஏரோ' ரோடு சைக்கிளின் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் நானும் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் சைக்கிள் என்னவென்று பார்ப்போம். சாதாரண சைக்கிளின் குழாய்கள் உருண்டையானவை. உருண்டைக் குழாயின் பின்னால் காற்று சுழித்துக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஏரோ சைக்கிளில் குழாயை மாங்கொட்டைபோலத் தட்டையாக்கி, பின்முனையை மட்டும் நறுக்கிவிட்டிருப்பார்கள். ஹேண்டில்பார், சீட் போஸ்ட், ஆழமான ரிம் எல்லாம் இதே கணக்குதான். தட்டையான குழாய்க்குச் சுற்றளவு அதிகம், அதனால் பொருளும் அதிகம். மலையேற்றத்துக்கென்று செய்யும் இலேசான ஃபிரேமைவிட ஏரோ ஃபிரேம் இருநூறு முந்நூறு கிராம் கூடுதலாக இருப்பது வழக்கம். அந்தக் கூடுதலை வேறு எங்காவது ஈடுகட்டிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் நம் பிள்ளைகளின் பணம் கரைகிறது.

இனிக் கணக்கு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தியோ வேகத்தின் கனமாக ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றுக்குக் கொடுக்கும் சக்தி ஏறத்தாழ மூன்றரை மடங்கு. பேத்தி, சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 68 கிலோ. சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அவள் காற்றுக்குச் சுமார் 100 வாட்டும், டயர் உருள்வதற்குச் சுமார் 28 வாட்டும் தருகிறாள். இப்போது சைக்கிளில் அரைக் கிலோ குறைத்தால் என்ன மிச்சம்? 0.2 வாட். அவ்வளவே! அதே சமயம் முழங்கையை மடக்கித் தலையைச் சற்றுத் தாழ்த்தி, காற்றில் படபடக்காத சட்டையைப் போட்டுக் காற்றுத் தடையை நூற்றுக்கு ஐந்து குறைத்தால் மிச்சம் 5 வாட். இருபத்தைந்து மடங்கு. இதற்குச் செலவு ஒரு சட்டை. மொத்தக் காற்றுத் தடையில் பெரும்பகுதி ஓட்டுபவரின் உடம்பினால் வருவது. சைக்கிளின் பங்கு சிறிதுதான்.

இதைச் சொன்னதும் அவள் விடவில்லை. "தாத்தா, நீங்க சமதரையைப் பத்திப் பேசறீங்க. நான் காட் ஏறணும்."

அது நியாயமான பேச்சு. ரயில்வேக்காரனுக்குக் காட் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்கு ஏறும் போர் காட் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. ஏற்றம் 37-க்கு 1. ஆயிரம் டன் வண்டியை அங்கே ஏற்ற, உருளும் தடையை விட்டுவிட்டாலும், புவியீர்ப்புக்கு மட்டும் 27 டன் இழுவிசை வேண்டும். அதனால்தான் பின்னால் பேங்கர் எஞ்சின்கள் தள்ளுகின்றன. அங்கே ஒவ்வொரு டன்னும் கணக்கு. சைக்கிளுக்கும் அதே விதி. 20-க்கு 1 ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் அவள் தரும் சுமார் 128 வாட்டில் 111 வாட் எடையைத் தூக்குவதற்கே போகிறது. காற்றுக்கு ஆறேழு வாட்தான். அரைக் கிலோ குறைத்தால் நூற்றுக்கு 0.7 மிச்சம். 10 கிலோமீட்டர் ஏற்றத்தை ஐம்பது நிமிடத்தில் ஏறுகிறவளுக்குச் சுமார் இருபது வினாடி. பந்தயத்தில் இருபது வினாடி சின்னதல்ல என்றாள். சரிதான். ஆனால் அரை லிட்டர் தண்ணீரும் அரைக் கிலோதான் என்று நான் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். (தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏற்றம் தொடங்கும் முன் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, ஒன்றைத் தொடாமலே மேலே கொண்டுபோவதைத்தான் சொன்னேன்.)

சக்கரத்தில் குறைக்கும் ஒரு கிராம் மற்ற இடத்தில் இரண்டு கிராமுக்குச் சமம் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். இது பாதி உண்மை. ரிம் முன்னேயும் போகிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே வேகம் எடுக்கும்போது மட்டும் அதன் எடை இரட்டிப்பாகத் தெரியும். ரயிலிலும் சக்கரம், மோட்டார் முதலியவை சுழல்வதற்காக, வண்டி வேகமெடுக்கும் கணக்கில் எடையோடு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து கூட்டிக்கொள்வோம். ஒரே வேகத்தில் மலை ஏறும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான்.

ஆக, எங்கே குறைப்பது? நான் அவளுக்குச் சொன்ன விதி இது: காற்றுக்குத் தெரியாத இடத்தில் குறை, உயிரைத் தாங்கும் இடத்தில் கை வைக்காதே. வேகன் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அதன் காலி எடை பெயிண்டில் எழுதியிருக்கும். அதுபோல முதலில் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து நோட்டில் எழுதச் சொன்னேன். சமையலறைத் தராசு போதும். எழுதிய பிறகுதான் எங்கே கொழுப்பு இருக்கிறது என்று தெரிந்தது.

மிகச் சுலபமான லாபம் டியூபில். சாதாரண பியூட்டில் டியூப் ஒன்று 105 கிராம் இருந்தது. டிபியு என்னும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் 38 கிராம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 134 கிராம் போயிற்று. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில், நீண்ட இறக்கத்தில் ரிம் சூடாகும் என்பதால், இந்த டியூபைப் போடுமுன் டியூபோடு வரும் குறிப்பைப் படிக்க வேண்டும். அவளுடையது டிஸ்க் பிரேக், கவலையில்லை. அடுத்து சீட்டில் 110 கிராம். பெடலில் 70. பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியான கேசட் தேய்ந்திருந்ததால் மாற்றும்போதே நல்லதாகப் போட்டதில் 80. தேயாத கேசட்டை எடைக்காக மாற்றுவது வீண். பாட்டில் பிடிக்கும் கூடுகளில் 34.

செலவே இல்லாமல் கிடைத்தது ஒன்று உண்டு. சீட் போஸ்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபிரேமுக்குள் தேவைக்கு மேல் நீளமாக இறங்கியிருந்தது. தயாரிப்பாளர் குறித்துள்ள குறைந்தபட்ச உள்நீளத்தை மூன்று முறை அளந்து, அதற்குக் கீழே மிஞ்சியதை மட்டும் அறுத்தோம். கார்பனை அறுக்கும்போது வெட்டும் இடத்தில் டேப் சுற்ற வேண்டும். நுண்பல் ஹேக்ஸா பிளேடு வேண்டும். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகமூடி போட்டு அறுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. 34 கிராம் குறைந்தது. முன்பக்கப் பிரேக்கின் டிஸ்க்கைச் சின்னதாக்கினால் இன்னும் இருபது கிராம் கிடைக்கும் என்றாள். காட் இறக்கத்தில் அந்தத் தகடுதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மறுத்துவிட்டேன்.

முன்சக்கர ரிம்மிலும் ஒரு பேச்சு நடந்தது. 60 மில்லிமீட்டர் ஆழ ரிம் காற்றை நன்றாக வெட்டும். ஆனால் பக்கக் காற்றுக்கு அது பாய்மரம். இலேசான உடம்புள்ள பெண், காட்டில் லாரி ஒன்று ஒதுங்கிச் செல்லும்போது ஹேண்டில் பறிபோகும். பின்னால் ஆழமான ரிம், முன்னால் அதைவிடக் குறைந்தது என்று முடிவு செய்தோம்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். இவ்வளவும் செய்யும் முன்பே அவள் தானாகவே ஒரு காரியம் செய்திருந்தாள். கார்பன் ஹேண்டில்பார் வாங்கி, அதைப் பிடிக்கும் ஸ்டெம்மின் எஃகு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, கலர் கலரான அலுமினிய போல்ட்டுகளைப் போட்டு, ஆலன் கீயால் 'நல்லா டைட்டா' முறுக்கியிருந்தாள். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, "தாத்தா, ஒருதடவை பார்த்துடுங்க" என்று வண்டியைக் கூடத்தில் நிறுத்தினாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஸ்டேஷனில் நிற்கும் வண்டியின் சக்கரங்களை ஒருவர் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது உடைந்த சட்டிபோல் ஒலிக்கும். இன்று அல்ட்ராசோனிக் கருவிகள் இருக்கின்றன. காது மட்டும் பழைய காதுதான். பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஹேண்டில்பாரை ஓரத்திலிருந்து நடு நோக்கித் தட்டிக்கொண்டே வந்தேன். டிக், டிக், டிக் என்று வந்த ஒலி, ஸ்டெம்மை நெருங்கும்போது 'தொப்' என்று செத்தது. கழற்றிப் பார்த்தோம். பிடி பதிந்த விளிம்பை ஒட்டி மயிரிழைபோல ஒரு வெளுத்த கோடு. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது.

அதற்கு முந்தின ஞாயிறு அவள் அதே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கண்டாலாவிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியிருக்கிறாள். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பேத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எஃகு வளையும், வளைந்து நம்மை எச்சரிக்கும். கார்பன் இழையை எபாக்ஸியில் கட்டிய பொருள் இழைத் திசையில் மிக உறுதியானது. ஆனால் ஓரிடத்தில் நசுக்கினால் உள்ளடுக்குகள் பிரிந்து, வெளியே அதிகம் காட்டாமல், ஒருநாள் திடீரென்று விட்டுவிடும். பல ஸ்டெம்களில் 5 நியூட்டன்-மீட்டர் என்று பொறித்திருப்பார்கள். அது எவ்வளவு? பத்து சென்டிமீட்டர் நீளச் சாவியின் நுனியில் ஐந்து கிலோ தொங்கவிட்டால் வரும் முறுக்கு. ஒரு வாலிபக் கை யோசிக்காமலே அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துவிடும். நானும் சேர்ந்த புதிதில் ஸ்பேனரில் குழாயை மாட்டி முறுக்கி ஒரு போல்ட்டை இழுத்து அறுத்து, போர்மனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

அந்த அலுமினிய போல்ட்டுகளால் மிச்சமானது பத்து கிராமுக்கும் குறைவு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகு 7.85, எடை மூன்றில் ஒன்று என்பது உண்மை. வலிமையும் அதோடு போய்விடுகிறதே! பாட்டில் கூட்டுக்கு வேண்டுமானால் போடலாம். ஹேண்டில், சீட், பிரேக் மூன்றுக்கும் கூடாது. ஆசை அடங்கவில்லையென்றால் அந்த இடத்துக்கென்றே தரம் குறித்து விற்கும் டைட்டானியம் போல்ட், அடர்த்தி 4.5. அதையும் மசகு தடவாமல் போட்டால் மரையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் பிடிகளில் கிரீஸ் கூடாது. மணல்போல் நறநறக்கும் தனிப் பசை விற்கிறது. அதைத் தடவினால் அதிகம் முறுக்காமலே வழுக்காமல் நிற்கும்.

அந்தப் பந்தயத்துக்கு அவள் போகவில்லை. ஹேண்டில்பாரை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி நானே இரண்டாக அறுத்துப் போட்டேன். வாங்கிய விலையை அவள் சொல்ல மறுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக மேல்பகுதி தட்டையான அலுமினிய ஹேண்டில் வந்தது; 110 கிராம் அதிகம். எல்லாம் கூட்டிக் கழித்து 8 கிலோ 400 கிராம் வண்டி 8 கிலோ 50 கிராமுக்கு வந்தது. உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ 2000ஆம் ஆண்டிலிருந்து பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாதென்று விதி வைத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர இன்னும் வழி நிறைய இருக்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

பொங்கல் பந்தியில் கேட்ட நண்பருக்கு: அந்தப் பதினெட்டாயிரம் எந்தப் பாகத்துக்கு என்று பையனிடம் முதலில் கேளுங்கள். சீட்டோ டியூபோ என்றால் உங்கள் பர்ஸின் பாடு. ஹேண்டில் என்றால் வண்டியோடு வரச் சொல்லுங்கள். 2 முதல் 14 நியூட்டன்-மீட்டர் வரை காட்டும் டார்க் ரென்ச் ஒன்று என்னிடம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். நாணயம் மட்டும் அவரவர் கொண்டுவரவும்.