மிச்சமிருக்கும் ஜிங்க் மாத்திரை

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் வந்த ஜிங்க் மாத்திரை இன்னும் பல வீடுகளை விட்டுப் போகவில்லை. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தால் ‘சத்துக்கு’ என்று அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நம்பிக்கை: பக்கவாதம் வந்தவரின் ரத்தத்தில் ஜிங்க், அதாவது துத்தநாகம், குறைவு. அதனால்தான் வாதம் வந்தது.

உண்மை: உடம்பில் அழற்சி கிளம்பினால், ரத்தத்திலுள்ள துத்தநாகத்தைக் கல்லீரல் இழுத்து வைத்துக்கொள்ளும். கடும் காய்ச்சலிலும் இப்படித்தான். ஆகவே அந்தக் குறைவு வாதத்தின் விளைவாகவும் இருக்கலாம். முதியவர்களுக்கு நிஜமான பற்றாக்குறையும் உண்டு: பல் போய்ச் சாப்பாடு குறைந்திருக்கும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு மாத்திரை துத்தநாகத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். என்றாலும் பக்கவாதத்துக்கு முதலில் பிடிக்க வேண்டிய ஆசாமிகள் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, சீரற்ற இதயத் துடிப்பு.

நம்பிக்கை: சத்துதானே, மிஞ்சினால் உடம்பே கழித்துவிடும்.

உண்மை: இந்த ‘தானே’தான் ஆபத்து. துத்தநாகம் அதிகமானால் குடலின் செல்கள் மெட்டாலோதயோனீன் என்ற புரதத்தைத் தமக்குள்ளே கூடுதலாக உருவாக்கும். அந்தப் புரதமோ துத்தநாகத்தைவிடத் தாமிரத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கும். செல்கள் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்தசோகை வரும், பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். ஏற்கெனவே வாதம் கண்டவர் என்றால், ‘இரண்டாவது அட்டாக்’ என்று வீடே பதறும். பக்கவாதம் திடீரென்று, பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். தாமிரக் குறைவால் வரும் தள்ளாட்டமோ மெதுவாக, இரண்டு காலிலும். (சந்தேகம் வந்தால் வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) தாமிரம் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு முழுசாகத் தேறும் என்று சொல்வதற்கில்லை.

பல்செட் ஒட்டும் பசையை அளவில்லாமல் பூசியவர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது; அதில் துத்தநாகம் இருந்தது. 2010இல் ஒரு பெரிய நிறுவனம் அந்த வகைப் பசையின் விற்பனையை நிறுத்தியது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்தான் மேல்வரம்பு என்பது அமெரிக்கக் கணக்கு. கடையில் கேட்டதும் எடுத்து நீட்டும் மாத்திரையிலேயே பல சமயம் 50 இருக்கிறது!

நம்பிக்கை: சைவக்காரர்களுக்கு மாத்திரையை விட்டால் வழியில்லை.

உண்மை: தானியத்திலும் பருப்பிலும் துத்தநாகம் இருக்கிறது, அவற்றிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. மாவு புளிக்கும்போது அந்தக் கட்டு தளரும். ஊறவைத்து முளைகட்டிய பயறிலும் அப்படியே. இட்லியும் சுண்டலும் மென்று விழுங்கப் பல்லில்லாதவருக்கும் சுலபம், சுண்டலை மட்டும் கொஞ்சம் மசித்துக் கொடுங்கள்.