பழைய காருக்கு ரிம் வாங்கப் போகுமுன்

தோட்டத்தில் ஒருவரிடம் பழைய கார் ஒன்று இருந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய கார் அல்ல. ராத்திரியில் பிரசவ வலி எடுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பரீட்சைக்குப் பிள்ளைகளை டவுனில் இறக்கிவிடுவதும் அந்தக் கார்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் திரும்ப அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் புதுக் காரின் விலை நமக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆகவே பழசைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது. அதில் அதிகம் பணம் வீணாவதும், உயிருக்கே ஆபத்தாக முடிவதும் ரிம் மாற்றுகிற விஷயத்தில்தான். இந்த இதழில் அதைப் படிப்போம்.

மலை மழையில் இரும்பு ரிம் துருப்பிடித்து, விளிம்பில் காற்று இறங்கத் தொடங்கும். உடனே தம்பிமார் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், "நம்ம காருக்கும் நாலு ஓட்டை, இதுக்கும் நாலு ஓட்டை" என்று சொல்லி பளபளப்பான அலோய் ரிம் நாலை வாங்கிட்டு வந்துவிடுவார்கள். ஓட்டையின் எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் போதாது. ஓட்டைகள் எவ்வளவு அகலமான வட்டத்தில் இருக்கின்றன என்பதுதான் முதல் அளவு. இதைக் கராஜில் பி.சி.டி. என்பார்கள். நாலு ஓட்டை ரிம்மில் இதை அளப்பது லேசு. ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே பி.சி.டி.

மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் அளவு நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பிற்கால ஜப்பான் சின்னக் கார்கள் பலவற்றின் அளவு 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர்தான். தச்சரின் டேப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வேர்னியர் இருக்கிற பாஸிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் அந்த ரிம் மொரிஸில் ஏறியும் விடும்! நட்டை இறுக்க இறுக்க ஸ்டட் உள்பக்கம் வளையும், நட்டு ஒரு பக்கமாகத்தான் உட்காரும். கடுகண்ணாவை இறக்கத்தில் ஆறு பேரோடு பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும்போது அந்த நட்டு தளரத் தொடங்கும். அரம் போட்டு ஓட்டையைப் பெருசாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

பி.சி.டி. ஒத்திருந்தும் பொருந்தாத கதை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் 'ட்ரேட் சன்னி' என்று சொல்லும் 1980களின் நிசான் சன்னிக்கும், 1990களின் கொரொல்லாவுக்கும் பி.சி.டி. 100தான். ஆனால் ரிம்மின் நடு ஓட்டை சன்னிக்கு 59.1 மில்லிமீற்றர், கொரொல்லாவுக்கு 54.1. கொரொல்லா ரிம் சன்னியின் ஹப்பில் உட்காரவே உட்காராது. சன்னி ரிம் கொரொல்லாவில் ஏறும், ஆனால் நடுவில் ஐந்து மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கச் சரியான அளவில் வளையம் போட வேண்டும். போடாவிட்டால் ரிம் மையத்தில் நிற்காமல் ஸ்டியரிங் நடுங்கும்.

நட்டும் அப்படித்தான். இரண்டு காரின் ஸ்டட்டும் 12 மில்லிமீற்றர். ஆனால் டொயோட்டாவின் புரி 1.5, நிசானின் புரி 1.25. மாற்றிப் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "நல்லா இறுகிடுச்சு" என்று நினைத்து ஸ்பானரில் காலை வைத்து மிதித்தால் புரி அழிந்துவிடும். நட்டு கையாலேயே முக்கால்வாசி தூரம் ஓட வேண்டும், அதுதான் அடையாளம். 1.5 புரி நட்டு எட்டுச் சுற்றாவது பிடிக்க வேண்டும், 1.25 என்றால் ஒன்பது பத்து. அலோய் ரிம் இரும்பை விடத் தடிப்பு என்பதால் பழைய ஸ்டட் எட்டாமல் போவதுண்டு.

நட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலும் கூம்பாக இருக்கும். ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி வேண்டும். டொயோட்டாவின் சில அலோய் ரிம்முக்குத் தட்டையான வாசர் வைத்த நட்டு வேண்டும். ரிம் வாங்கும்போது அதன் நட்டையும் கேட்டு வாங்குவதே புத்தி, புரி மட்டும் உங்கள் ஸ்டட்டுக்குச் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிம்மின் உள்பக்கம் ஈ.டி. என்று போட்டு ஒரு எண் இருக்கும். எண் கூடினால் சில்லு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். உங்கள் காரின் எண்ணை விட மிகவும் கூடியதைப் போட்டால் சொக்கில் உரசும். குறைந்ததைப் போட்டால் ஆள் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசும், பேரிங்கும் சீக்கிரம் தேயும். ஆகவே பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

டயரின் உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 155 ஆர் 13 டயரின் உயரம் சுமார் 578 மில்லிமீற்றர். 14 அங்குல ரிம்முக்கு மாறினால் 185/60 போடலாம், அதுவும் 578தான். 185/70 மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் 615 வரும். மீற்றர் 40 காட்டும்போது கார் 42க்கு மேல் ஓடும், ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தையும் வாசியுங்கள். 3614 என்றால் 2014ஆம் ஆண்டின் 36ஆவது வாரம் செய்த டயர். பட்டன் புதுசு போல இருந்தாலும் அத்தனை வருசம் கிடந்த ரப்பர் வெடிக்கும்.

பூட்டும்போது ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டுங்கள். ஸ்டட்டுக்கு எண்ணெய் போட வேண்டாம். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, ஐம்பதிலிருந்து நூறு கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். ஸ்பெயார் சில்லு இன்னும் பழைய இரும்பு ரிம்தானே? அலோயின் நட்டு அதற்குச் சரிவராமல் போகலாம். பழைய நட்டு நாலை ஒரு துணியில் முடிந்து டிக்கியில் போட்டு வையுங்கள்.