மலை ஏறப் போகும் சீனி வருத்தக்காரருக்கு

கோடை விடுமுறைக்கு றொக்கி மலைப் பக்கம் போகவிருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டொக்டர், அவ்வளவு உயரத்திலை மூச்சு முட்டாதோ?" என்பதுதான். பான்ஃப் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1383 மீற்றர் உயரத்தில் உள்ளது. எங்கள் நுவரெலியாவோ 1868 மீற்றர். பான்ஃபில் எல்லோரும் ஏறும் சல்பர் மலையின் உச்சித் தளம் 2281 மீற்றர். சிவனொளிபாதமலையை விடச் சற்றே கூட. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேல் இரவு தங்குவோரையே பிடிக்கும். இதய வருத்தம், சுவாச வருத்தம் உள்ளவர்கள் மட்டும் போகுமுன் தங்கள் வைத்தியருடன் பேசிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை நீரிழிவு பற்றித்தான். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை வேகமாக இழுத்துக்கொள்கின்றன. நடை முடிந்த பின்னும், அன்றிரவு முழுவதும்கூட, இது தொடரலாம். ஆண்டு முழுவதும் காரிலும் கதிரையிலும் இருந்துவிட்டு, முதல் நாளே சல்பர் மலைப் பாதையில் 5.5 கிலோமீற்றர் ஏறினால் என்னவாகும்? இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், கிளிக்ளசைட், கிளைபுரைட் குளுசை போடுபவர்களுக்கும் சீனி சடுதியாக இறங்கலாம். மெற்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

நடுக்கம், வியர்வை, பசி, தடுமாற்றம் என்பன அறிகுறிகள். ஆனால் மலையில் ஏறினால் யாருக்கும் வியர்க்கும், குளிரில் யாருக்கும் நடுங்கும். அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மெற்றோபுரோலோல் போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். சந்தேகம் வந்தால் உடனே இருந்து சோதியுங்கள். 4.0க்குக் கீழே என்றால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, முக்கால் கோப்பை பழச்சாறோ குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். இன்னும் குறைவென்றால் மறுபடியும் குடியுங்கள். சொக்கிலேற்றும் மீன் ரோலும் அந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். சீனி ஏறிய பிறகு தாராளமாகச் சாப்பிடலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், 911ஐ அழையுங்கள்.

அழைப்பதற்குத் தொலைபேசி வேலை செய்யவேண்டுமே! லேக் லூயிசிலிருந்து ஜாஸ்பர் வரையான 230 கிலோமீற்றர் வீதியில் பெரும்பகுதிக்கு அலைவரிசை கிடையாது. எனவே தனியே நடக்கவேண்டாம். உங்களுக்குச் சீனி வருத்தம் என்பது கூட வருபவருக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த நாளில் மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை மச்சானிடம் கேட்காமல், புறப்பட இரண்டு கிழமைக்கு முன்னர் வைத்தியரிடம் கேளுங்கள். படுக்குமுன் ஒருமுறை சோதியுங்கள்.

இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே வைத்திருங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கக்கூடாது. நிறுத்தியிருக்கும் காருக்குள் விட்டால் வெயிலிலும் பழுதாகும்.

புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகாதீர்கள். இறங்கும்போது விரல்கள் முன்னால் உரசிக் கொப்புளம் வரும். பாதத்தில் விறைப்பு உள்ளவருக்கு அது தெரியாது. மாலையில் மேசைக் கழற்றி உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: அல்பேர்ட்டாவில் வைத்தியரையும் வைத்தியசாலையையும் ஓஹிப் பொறுப்பேற்கும், அம்புலன்சை ஏற்காது. வேலையிடத்துக் காப்புறுதியில் அது உண்டா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.